நோயாளி வீடு திரும்புமுன் சுவருக்கு வண்ணம்: தேர்வும், மிஞ்சிய பூச்சும்

நீண்ட நாள் மருத்துவமனையில் இருந்தவர் வீடு திரும்பும் நாள் உறுதியானதும், அவர் படுக்கப்போகும் அறைக்குப் புதிதாக வண்ணம் பூசி வைக்கக் குடும்பத்தார் விரும்புவது இயல்பு. பிரசவித்த பெண்ணும் குழந்தையும் வரும் வீட்டிலும், கண்புரை அறுவை முடிந்த பெரியவர் வரும் வீட்டிலும், பக்கவாதத்திற்குப் பின் படுக்கையிலேயே இருக்க வேண்டியவரின் வீட்டிலும் இது நடக்கிறது. விருப்பம் நல்லதே. ஆனால் எந்த நாளில் பூசுவது, எந்தப் பூச்சைப் பூசுவது, மிஞ்சியதை எங்கே வைப்பது என்ற மூன்று வினாக்களும் நிறத்தைப் பற்றியவை மட்டுமல்ல. மருத்துவத்தைப் பற்றியவையும் ஆகும்.

முதலில் நாளைப் பார்ப்போம். சமவெளியில் பொங்கலுக்கு முன் வெள்ளையடிப்பது மரபு. அங்கே மார்கழி இறுதியில் வெயில் தலைகாட்டிவிடும், சுவர் உலரும். கொல்லிமலையின் நிலை வேறு. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கும் மேலே உள்ள நம் ஊர்களில், வடகிழக்குப் பருவமழை சுவருக்குள் இறக்கிய ஈரம் தை பிறக்கும்போதும் முழுமையாக வெளியேறியிருப்பதில்லை. காலையில் பனி, மாலையில் மூடுபனி. குளிருக்கு அஞ்சிச் சன்னல்களையும் அடைத்து வைக்கிறோம். ஈரச் சுவரின் மேல் பூசிய வண்ணம் சில மாதங்களில் கொப்புளித்து உரியும். உரிந்த இடத்தில் கரும்பூஞ்சை படரும். அடைத்த அறைக்குள் பூச்சின் ஆவியும் தங்கிவிடும். ஆகவே நோயாளி உள்ள வீட்டில், பொங்கலுக்குச் சாணமிட்டு மெழுகிக் கோலமிடுவதோடு நிறுத்திக்கொண்டு, வண்ணப் பூச்சை மாசி, பங்குனிக்குத் தள்ளி வைப்பதே நம் மலைக்குப் பொருந்தும். மரபை மீறுவதாக எண்ண வேண்டியதில்லை. சமவெளியின் பருவத்திற்கு ஏற்ற வழக்கம் அது. நம் பருவம் வேறு.

பூஞ்சையைச் சிறிய சங்கதியாகக் கருதக் கூடாது. ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்கு இருமலும் மூச்சிரைப்பும் மிகுதியாக வருகின்றன. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது தீவிரமடைகிறது. பூஞ்சையின் மேலேயே வண்ணத்தைப் பூசி மறைப்பதால் பயன் இல்லை. ஓடு அல்லது கூரையில் எங்கே நீர் கசிகிறது, சுவரின் அடியில் எங்கிருந்து ஈரம் ஏறுகிறது என்று கண்டு அதனைச் சரிசெய்த பின்னரே தூரிகையைக் கையில் எடுக்க வேண்டும்.

சுவருக்கு ஏற்ற பூச்சு

நம் மலையில் இருவகை வீடுகள் அருகருகே நிற்கின்றன. ஒன்று, மண் சுவரும் சாணத் தரையும் கொண்ட பழைய வீடு. மற்றொன்று, அரசின் வீட்டுத் திட்டங்களில் எழுந்த சிமென்ட் வீடு. 2011-இல் தொடங்கிய சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தின் வீடு 300 சதுர அடி கொண்டது. இவ்விரண்டுக்கும் ஒரே பூச்சு பொருந்தாது.

மண் சுவர் ஈரத்தை உள்வாங்கி மீண்டும் வெளியிடும் இயல்புடையது. அதன் மேல் எமல்ஷன், எனாமல் முதலிய பூச்சுகளைப் பூசினால் நெகிழித் தாள் ஒட்டியது போல் ஆகிவிடும். ஈரம் உள்ளேயே நின்று, பூச்சோடு சேர்ந்து மண்ணும் பொருக்குப் பொருக்காக உதிரும். மண் சுவருக்குச் செம்மண் குழம்பும் சுண்ணாம்புமே தக்கவை. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து மெல்ல மெல்லக் கல்லாக இறுகுகிறது. அதன் காரத்தன்மை பூஞ்சை வளர்வதைத் தடுக்கிறது. உலர்ந்த பின் ஆவி எதையும் விடுவதில்லை, விலையும் குறைவு. சிறிது நீலம் கலந்தால் வெண்மை பளிச்சிடும். காவி கலந்தால் இளஞ்சிவப்பு கிடைக்கும். மூச்சு நோயாளி உள்ள மண் வீட்டிற்கு இதைவிட நல்ல பூச்சை விலை கொடுத்தாலும் வாங்க முடியாது என்பது எம் கருத்து.

ஆனால் சுண்ணாம்புக்கு ஒரு கொடிய குணம் உண்டு. சுட்ட கல்லை நீரில் இட்டு நீற்றும்போது அது கொதித்துத் தெறிக்கும். தெறித்த துளி கண்ணில் விழுந்தால் கருவிழி வெந்து பார்வையே போகக்கூடும். நீற்றும் இடத்தில் குழந்தைகள் நிற்கக் கூடாது. மேல்சுவருக்கும் கூரைக்கும் பூசுபவர் கண்ணாடி அணியட்டும். வெயிலுக்கு அணியும் சாதாரணக் கண்ணாடிகூட ஓரளவு உதவும்.

சிமென்ட் சுவருக்கு நீர் கலந்து பூசும் டிஸ்டம்பரோ எமல்ஷனோ போதும். எனாமல் எனப்படும் எண்ணெய்ப் பூச்சைக் கதவு, சன்னல் கம்பிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதில் கலக்கும் தின்னரும் டர்பன்டைனும் ஆவியாகி அறையெங்கும் பரவும். தலைவலி, கண்ணெரிச்சல், குமட்டல் தரும். ஆஸ்துமா நோயாளிக்கு மூச்சுத் திணறலைத் தூண்டும். பெயிண்டர் தொழிலில் நெடுங்காலம் இத்தகைய சூழலில் உழைப்பதையே புற்றுநோய்க்கு வழிவகுக்கும் என்று உறுதிசெய்யப்பட்டவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1989-இல் சேர்த்தது. வீட்டார் ஒருமுறை பூசுவது அந்த அளவுக்கு அஞ்சத் தக்கதன்று. எனினும் கருவுற்ற பெண்கள், கைக்குழந்தைகள், நுரையீரல் நோயாளிகள் ஆகியோர் பூசும் நாளிலும் அதைத் தொடர்ந்த சில நாட்களிலும் வேறு வீட்டில் இருப்பது நல்லது. வாசனை அடங்கிவிட்டது என்பதாலேயே ஆவி அடங்கிவிட்டதாகக் கொள்ள வேண்டாம். நோயாளி வரும் நாளுக்கு முந்தைய இரவு கதவுக்கு எனாமல் அடிப்பதைக் காட்டிலும், பழைய கதவோடு அவரை வரவேற்பது மேல்.

எந்த நிறம்?

நீலம் மனத்தை அமைதிப்படுத்தும், சிவப்பு இரத்த அழுத்தத்தை ஏற்றும், பச்சை நோயை விரைவில் ஆற்றும் என்றெல்லாம் கடைகளில் சொல்வார்கள். இவற்றுக்கு உறுதியான மருத்துவச் சான்று இல்லை; இவற்றை நம்பிக் கூடுதலாகச் செலவிட வேண்டாம். மருத்துவமனைகளில் பச்சை புகுந்த கதையே வேறு. 1914-இல் சான் பிரான்சிஸ்கோவின் அறுவை மருத்துவர் ஹாரி ஷெர்மன், வெள்ளைச் சுவரும் வெள்ளைத் துணியும் விளக்கொளியில் கண்ணைக் கூசச் செய்ததால் தம் அறுவை அரங்கைக் கீரைப் பச்சைக்கு மாற்றினார். அவர் தேடியது நோயாளியின் மன அமைதியை அன்று. மருத்துவரின் கண்ணுக்குத் தெளிவை. வீட்டிலும் நிறம் செய்யும் உண்மையான வேலை அதுதான்: தெளிவாகத் தெரியச் செய்தல்.

வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மஞ்சளித்துப் பழுப்பேறுகிறது. நீல ஒளியை அது தடுத்துவிடுவதால் நீலம், ஊதா, சாம்பல் ஆகியவை ஒன்றுபோல் மங்கித் தெரியும். நீலத்தையும் பச்சையையும் பிரித்தறிவது கடினமாகும். பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனே புரை முற்றிய ஆண்டுகளில் வரைந்த படங்களில் செம்பழுப்பு மிகுந்திருப்பதும், 1923-இல் அறுவை செய்துகொண்ட பின் நீலம் அவருக்கு அளவுக்கு மிஞ்சித் தெரிந்ததும் கலை வரலாற்றில் பேசப்படும் செய்திகள். நம் பெரியவர்கள் அறுவைக்குப் பின் வீட்டிற்கு வந்து, “யார் இந்தச் சுவருக்கு இவ்வளவு நீலம் அடித்தது?” என்று கேட்டால் வியப்படைய வேண்டாம். சுவர் மாறவில்லை, கண் மாறியிருக்கிறது. ஆகையால், நிறத்தை அவரே தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் அறுவை முடிந்து கண் ஆறும் வரை காத்திருங்கள்.

முதியவர் வீட்டில் நிறத்தைவிட நிற வேறுபாடே உயிர் காக்கும். தரையும் படியும் ஒரே காவிச் சிமென்டாக இருந்தால் படியின் விளிம்பு தெரியாது. விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். படி விளிம்பில் மூன்று விரல் அகலத்திற்கு வெள்ளை அல்லது மஞ்சள் பட்டை இடுங்கள். ஒரு சிறு டப்பா பூச்சு இதற்குப் போதும். நாம் சொல்பவற்றுள் இதுவே மிகக் குறைந்த செலவு, மிகுந்த பயன். கழிப்பறைக் கதவு, அங்குச் செல்லும் வழியிலுள்ள கைப்பிடி, மின்விசைப் பலகை ஆகியவை சுவரிலிருந்து மாறுபட்ட நிறத்தில் இருக்கட்டும். மறதி நோய் உள்ளவர்களுக்கும் இது பெரிதும் உதவும்; வாசலைத் தேடித் தடுமாறுவது குறையும். சுவருக்குப் பளபளப்பில்லாத பூச்சையே கேளுங்கள். பளபளக்கும் சுவரில் விளக்கொளி பட்டுத் தெறித்துக் கண்ணைக் கூசச் செய்யும்.

சிறு சன்னல் கொண்ட நம் வீடுகளில் வெளிர் நிறங்கள் கிடைக்கும் வெளிச்சத்தைப் பரப்பித் தரும். மூடுபனி நாட்களில் வேறுபாடு நன்றாகத் தெரியும். படுத்த படுக்கையாக இருப்பவருக்குச் சுவரைவிட மேற்கூரையே அதிகம் கண்ணில் படுகிறது. அதைக் கறையோடு விட்டுவிட்டுச் சுவரை மட்டும் அழகுபடுத்துவது பலர் செய்யும் செயல். அவர் கட்டிலில் ஒருமுறை நீங்களே படுத்துப் பார்த்துவிட்டு எங்கே பூசுவதென்று முடிவு செய்யுங்கள்.

பிறந்த குழந்தை வரும் அறைக்கு மஞ்சள் வேண்டாம். பிறந்து முதல் வாரத்தில் மஞ்சள் காமாலை பல குழந்தைகளுக்கு வருகிறது. தோலின் நிறத்தைக் கொண்டே தாயும் செவிலியும் அதை முதலில் ஐயுறுகிறார்கள். மஞ்சள் சுவரிலிருந்து தெறிக்கும் ஒளியில் இயல்பான குழந்தையும் மஞ்சளாகத் தோன்றும். மெய்யான காமாலை கண்ணுக்குத் தப்பவும் கூடும். வெள்ளையோ வெளிர்ச் சாம்பலோ பொருத்தம். எந்த நிறச் சுவர் ஆனாலும் குழந்தையைப் பகல் வெளிச்சத்தில், சன்னல் அருகே வைத்துப் பாருங்கள்.

மாதிரிப் பூச்சும் அளவும்

கடையில் காட்டும் நிற அட்டை தீப்பெட்டி அளவே இருக்கும். அதே நிறம் நான்கு சுவரிலும் பரவும்போது அடர்ந்து தெரியும்; அட்டையில் பிடித்ததற்கு ஒரு படி வெளிர் நிறத்தையே தேர்ந்தெடுங்கள். சேந்தமங்கலத்திலோ நாமக்கல்லிலோ கடையில் இயந்திரத்தில் நிறம் கலந்து வாங்கிய டப்பாவைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எனவே முதலில் சிறிய மாதிரி டப்பா ஒன்றை மட்டும் வாங்கி வாருங்கள். அதைச் சுவரில் திட்டுத்திட்டாகப் பூசாமல், இரண்டடிச் சதுர அட்டையிலோ பலகையிலோ இருமுறை பூசி உலர விடுங்கள். ஈரத்தில் ஒரு நிறம், உலர்ந்தால் வேறொரு நிறம். பலகையைக் காலைப் பனியிலும் நண்பகலிலும் இரவு விளக்கிலும், சன்னல் ஓரத்திலும் இருண்ட மூலையிலும் வைத்துப் பாருங்கள். நோயாளியின் மருத்துவமனைப் படுக்கைக்கே எடுத்து வந்து அவரைக் கேட்கலாம். பூச்சு முழுமையாக உலர்ந்து வாசனை நீங்கிய பலகையாக இருந்தால் எம் செவிலியர் தடுக்க மாட்டார்கள். மாதக்கணக்கில் எதையும் தாமே முடிவு செய்ய இயலாதிருந்தவருக்கு, தம் சுவரின் நிறத்தைத் தாமே சொல்வது சிறிய மகிழ்ச்சி அன்று.

பூச்சு மிஞ்சுவதற்கு முதற்காரணம் கணக்கிடாமல் வாங்குவதே. பத்தடிக்குப் பத்தடி அறை, ஒன்பதடி உயரம் என்றால் சுவர்ப் பரப்பு 360 சதுர அடி. ஒரு கதவுக்கு 21-உம் ஒரு சன்னலுக்கு 12-உம் கழித்தால் 327. ஒரு லிட்டர் எத்தனை சதுர அடிக்கு வரும் என்பது டப்பாவிலேயே அச்சிடப்பட்டிருக்கும். இருமுறை பூச 100 சதுர அடி என்று இருந்தால் தேவை மூன்றேகால் லிட்டருக்குச் சற்று மேல். நான்கு லிட்டர் வாங்கினால் போதும்; பத்து லிட்டர் வாளி விலை மலிவு என்று வாங்கினால் பாதிக்கு மேல் பரணில் கிடக்கும்.

ஈயம்

டப்பாவை வாங்கும்போது ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். வீட்டுப் பூச்சுகளில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல், இருக்கக் கூடாது என்று இந்திய அரசு 2016-இல் விதி வகுத்தது. 2017 நவம்பரிலிருந்து அது நடைமுறையில் உள்ளது. டப்பாவின் மேல் அதனைக் குறிப்பிட வேண்டும். குறிப்பில்லாத டப்பாவை, குறிப்பாகத் தெருவோரத்தில் பிரித்து விற்கும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை எனாமல்களை வாங்காதீர்கள். அந்நிறங்களுக்கு ஈயக் குரோமேட் சேர்ப்பது பழைய வழக்கம்.

இந்த ஆபத்து நெடுநாளாகத் தெரிந்ததே. 1904-இலேயே ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் லாக்ஹார்ட் கிப்சன் என்ற மருத்துவர், குழந்தைகளைத் தாக்கிய ஈய நஞ்சு வீட்டுத் தாழ்வாரக் கம்பிகளின் பூச்சிலிருந்து வந்தது என்று கண்டு எழுதினார். வெள்ளை ஈயத்தைப் பூச்சுகளில் கட்டுப்படுத்த 1921-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஓர் ஒப்பந்தமே செய்தது. ஈயத்திற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. குழந்தையின் மூளை வளர்ச்சியையும் கவனத்தையும் அது குலைக்கிறது. இரத்தசோகை, வயிற்றுவலி, மலச்சிக்கல் ஆகியவற்றைத் தரும். பெரும்பாலும் வெளிப்படையான அறிகுறி எதுவும் இருக்காது. இரத்தப் பரிசோதனையில்தான் தெரியும்.

2017-க்கு முன் எனாமல் பூசிய கதவோ சன்னலோ உங்கள் வீட்டில் இருந்தால், உப்புத்தாளால் உலரத் தேய்க்காதீர்கள்; எரித்தும் உரிக்காதீர்கள். எழும் தூசிதான் நஞ்சு. நீர் தெளித்து ஈரமாகத் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். பெருக்குமாற்றால் கூட்டினால் தூசி வீடெங்கும் பரவும். நல்ல நிலையில் ஒட்டியிருக்கும் பழைய பூச்சைச் சுரண்டவே வேண்டாம். அதன் மேலேயே புதிதாகப் பூசிவிடலாம். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த குழந்தையின் உடல் ஈயத்தை அதிகமாக உறிஞ்சும். 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் கொண்ட கேழ்வரகு நம் மலையிலேயே விளைகிறது. அதைக் குழந்தையின் தட்டிலிருந்து விலக்கிவிடாதீர்கள்.

மிஞ்சிய பூச்சு

மிஞ்சிய பூச்சில் அரை லிட்டர் அளவு சுவரில் கீறல் விழுந்தால் திருத்துவதற்குத் தேவைப்படும். மூடியை இறுக்கி, மேலே எந்த அறை, எந்த நிறம், எந்த மாதம் என்று எழுதிக் குழந்தைக்கு எட்டாத, அடுப்புக்கு அண்மையில் இல்லாத இடத்தில் வையுங்கள். நீர்ப் பூச்சின் மாதிரி டப்பாக்கள் பல மிஞ்சினால் ஒன்றாகக் கலந்து கழிப்பறையின் வெளிச்சுவருக்கோ சேமிப்பறைக்கோ பூசலாம். நீர்ப் பூச்சோடு எண்ணெய்ப் பூச்சைக் கலந்தால் திரிந்துவிடும்.

மிஞ்சிய எனாமல் வழக்கமாகப் போய்ச் சேரும் இடங்கள் இரண்டு. இரண்டும் எமக்குக் கவலை தருபவை. முதலாவது தொட்டிலும் நடைவண்டியும். பல் முளைக்கும் குழந்தை தொட்டில் கம்பியைக் கடிக்கும். நடைவண்டியின் பிடியைச் சுவைக்கும். வாயில் படும் எந்தப் பொருளுக்கும் மிஞ்சிய பூச்சு வேண்டாம். வெறும் மரமே அழகு. இரண்டாவது மாட்டுப் பொங்கலன்று மாட்டின் கொம்பு. மாடுகள் ஒன்றையொன்று நக்கும் பழக்கமுடையவை. பழைய ஈய எனாமல் அவற்றுக்கும் நஞ்சே. கொம்புக்குக் காவியும் மஞ்சளும் போதும்.

பூச்சு வந்த நெகிழி வாளி உறுதியானது. எறிய மனம் வராது. ஆனால் அதில் குடிநீரோ சாமையோ இட்லி மாவோ வைக்காதீர்கள். பூச்செடி நடவும் குப்பை போடவும் வைத்துக்கொள்ளுங்கள்.

தூரிகையை ஓடையிலும் ஊற்றிலும் கிணற்றடியிலும் கழுவ வேண்டாம். ஆகாய கங்கையாக விழும் அய்யாற்று நீர் நம் மலையோடு நிற்பதில்லை. கீழேயும் மக்கள் குடிக்கிறார்கள். வாளியில் கழுவித் தெளிய வைத்து, தெளிந்த நீரைப் பயிரும் கிணறும் இல்லாத மண்ணில் ஊற்றுங்கள். அடியில் தங்கிய குழம்பையும், பயன்படாத நீர்ப் பூச்சையும் மணல் அல்லது மரத்தூள் கலந்து திறந்த இடத்தில் இறுக உலரவிட்டுப் பிறகு குப்பையில் சேர்க்கலாம். எனாமலும் தின்னரும் அவ்வாறல்ல. பூச்சு டப்பாக்களை 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டு அபாயக் கழிவு என்றே வகைப்படுத்தின. தனியே கட்டி, தூய்மைப் பணியாளரிடம் இன்னதென்று சொல்லி ஒப்படையுங்கள். எரிக்கவும் புதைக்கவும் கூடாது.

கடைசியாக, தின்னரையும் டர்பன்டைனையும் மண்ணெண்ணெயையும் தண்ணீர்ப் பாட்டிலிலோ குளிர்பானப் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். பார்வைக்குத் தண்ணீர் போலவே இருக்கும். தாகத்தோடு வரும் குழந்தை குடித்துவிடும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யக் கூடாது. வயிற்றில் இருப்பதைவிட, வாந்தியோடு மூச்சுக்குழலில் இறங்கும் சில துளிகளே நுரையீரலை அழிக்கும். பாலோ எண்ணெயோ உப்பு நீரோ கொடுக்க வேண்டாம். நனைந்த துணியைக் களைந்து தோலைக் கழுவி, 108-ஐ அழையுங்கள். சமவெளிக்கு இறங்க வேண்டியிருந்தால் 70 கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டல் வரும் என்பதை நினைவில் வைத்து, குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்தே கொண்டு வாருங்கள். குடித்த பாட்டிலையும் தவறாமல் எடுத்து வாருங்கள். என்ன குடித்தது என்பதை அதைக் கொண்டே மருத்துவர் அறிவார்.

கண்ணில் சுண்ணாம்போ பூச்சோ விழுந்தால் கசக்காதீர்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதையும் விடாதீர்கள். இமையைத் திறந்து பிடித்துக்கொண்டு, தூய நீரைத் தொடர்ந்து அரைமணி நேரம் ஊற்றுங்கள். இமைக்கடியில் சுண்ணாம்புத் துகள் இருந்தால் ஈரத் துணி நுனியால் எடுத்துவிடுங்கள். கழுவி முடித்த பின் வண்டியைத் தேடுங்கள். வண்டிக்காகக் கழுவலைத் தள்ளிப் போடாதீர்கள். நஞ்சு பற்றிய ஐயத்திற்குத் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நஞ்சுத் தகவல் மையத்தைக் கட்டணமின்றி 1800 116 117 என்ற எண்ணில் அழைக்கலாம்.